மாசி வெயிலும் மாரிச் சோறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின்மேற் போர்த்த மெல்லிய மண். அம்மண்ணைப் பெரும்பாலும் நனைப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழை. அம்மழையும் சில ஆண்டுகளிற் பொய்த்துவிடும். சில ஆண்டுகளிற் புயலோடு வந்து வீதியையும் வயலையும் ஒன்றாக்கிவிடும். சூழக் கடல்; தெற்கேயுள்ள பெருநிலத்தோடு தொடுப்பன ஒரு சில ஒடுங்கிய வழிகள் மாத்திரமே. இத்தகைய நாட்டிலே குடியிருந்தோர், ‘நாளைக்கு வழி அடைபட்டால் வீட்டில் உண்பதற்கு என்ன உண்டு?’ என்ற வினாவை மறவாது வாழ்ந்தனர். அவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடையை இன்றைய வீடுகள் எவ்வளவு அறியும் என்பதை நேரிற் கண்டறியும் விருப்புடன், கடந்த மாசித் திங்களில் நாம் குடாநாட்டின் சில பகுதிகளுக்குச் சென்று வந்தோம்.

மாசியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. காலபோக நெல் அறுவடையாகி வீடு சேரும் காலம் அது. பனம்பாத்திகளைக் கிண்டிக் கிழங்கெடுக்குங் காலமும் அதுவே. மழை நீங்கி, வானம் வெளித்து, வெயில் நாளுக்கு நாள் ஏறும். அடுத்த மாரிக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கின்றது. ஆயினும் அம்மாரிக்குரிய சோறு இம்மாசி வெயிலிலேதான் காயத் தொடங்குகின்றது.

நெடுந்தீவு முற்றத்தில்

யாழ்நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குச் சென்றோம். ஆங்கிருந்து நெடுந்தீவுக்கு இயந்திரப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மாசியிற் கடல் ஓரளவு அடங்கியிருந்தமையால் படகு நிறைய மக்கள். மக்களுக்கிடையே அரிசி மூடை, கோதுமை மா மூடை, எரிவாயுக் கொள்கலம், சீமெந்துப் பை. தீவுக்கு வேண்டிய யாவும் இவ்வாறு கடல் கடந்தே செல்லவேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே நாம் விளங்கிக்கொண்டோம். காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளிக்குமாயின் படகு புறப்படாது. ஒரு நாளாயினும் சரி, பல நாளாயினும் சரி, காற்றுத் தணியும்வரை தீவு தனித்தே இருக்கும்.

கரையிறங்கியவுடன் கண்ணைக் கவர்வன முருகைக்கல் அடுக்கிய மதில்கள். சாந்து பூசாது கல்லின்மேற் கல்லை வைத்துக் கட்டிய அம்மதில்களுக்கு அப்பால் பனைகள் நிரை நிரையாய் நிற்கின்றன. ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவையும், பருத்த பெருக்கு மரத்தையும், வெளியில் மேயும் குதிரைகளையும் காண்பதற்கென வருவோர் பலர். நாம் அவற்றையெல்லாம் விரைந்து பார்த்துவிட்டு, ஒரு வீட்டு முற்றத்திலே நின்றுவிட்டோம்.

அம்முற்றம் முழுவதும் பாய்கள். பாய்களின்மேலும் கட்டிய கொடிகளின்மேலும் பிளந்த பனங்கிழங்குகள் வெண்மஞ்சள் நிறத்திற் காய்ந்துகொண்டிருந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் சுளகொன்றை நிழலுக்குப் பிடித்தவாறு காகம் ஓட்டிக்கொண்டிருந்தார். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும், பாயொன்றை ஒதுக்கி இடந்தந்தார்.

பனையின் கொடையை மாணவர் பலரும் பாடத்திற் படித்திருப்பர். அதனைச் சேமிப்பு என்னும் கண்கொண்டு பார்த்தால், அதன் அருமை வேறொரு விதமாய்த் தோன்றும். ஆடி முடிவில் தொடங்கிப் பனம்பழம் விழும். பழத்தின் களியைப் பிழிந்து பாயிலே பூசி, காய்ந்ததன்மேல் மீண்டும் பூசி, படை படையாய் உலர்த்தி எடுப்பது பினாட்டு. களி நீங்கிய விதைகளை மேடாக்கிய பாத்தியில் அடுக்கி மண் தூவிவிட்டால், ஐப்பசி மழை தானே நீர் பாய்ச்சும். தையிலும் மாசியிலும் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. கிழங்கைத் தோலுரித்துப் பிளந்து பச்சையாய் உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். விதையினுள்ளே இருக்கும் பூரான் சிறுவர்க்கு. பூரான் எடுத்த ஊமல் அடுப்புக்கு. பதநீரைக் காய்ச்சி ஓலைக் குட்டான்களில் வார்த்த பனங்கட்டி சீனியின் இடத்தை நிரப்பும். உழவும் உரமும் பெரிதாய் வேண்டாத ஒரு மரம் மாவையும் இனிப்பையும் விறகையும் ஒருங்கே தருகின்றது. தருவன யாவும் உலர்த்தி வைக்கத்தக்கன. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ‘தாலவிலாசம்’ என ஒரு நூலையே பனைக்கெனப் பாடியமையில் வியப்பில்லை.

“காத்துக் கிளம்பினால் வள்ளம் வராது தம்பி. வள்ளம் வராட்டில் கடையிலை என்ன கிடக்கப் போகுது? வீட்டிலை கிடக்கிறதுதானே கைகுடுக்கும்,” என்றார் ஆச்சி.

அவருடைய அடுக்களையை எட்டிப் பார்த்தோம். அடுப்புக்கு மேலே பறணில், புகை படும் இடத்தில், ஓலைப்பெட்டியில் பினாட்டு. புகை பட்டால் பூச்சி அணுகாது. உறியிலே மூடிய சட்டியில் ஊறுகாய். மூலையில் வாய் கட்டிய மண்பானைகளில் உழுந்து, பயறு, குரக்கன்; பயற்றோடு அடுப்புச் சாம்பல் கலந்திருந்தது. வறுத்த அரிசிமா ஒரு தகரப் பேணியில். கூரை வளையிற் கட்டித் தொங்கவிட்ட சின்ன வெங்காயப் பிடிகள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரிய செல்வமன்று. ஆயினும் கடல் இரு கிழமை மூடிக்கிடந்தாலும் அவ்வீட்டார் எவரிடத்தும் கையேந்த வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒடியல் எங்கே என வினவினோம். முடிந்துவிட்டது என்றார்.

“புதுசு பெட்டிக்குள்ளை போக முந்திப் பழசைத் தின்டு முடிக்கோணும். வைச்சுப் பாக்கிறதுக்கு இது என்ன நகையே?”

பஞ்சத்துக்கென ஒதுக்கி மூடிவைத்த உணவு, பஞ்சம் வருமுன்னரே பூச்சிக்கு இரையாகிவிடும். நாள்தோறும் உண்ணும் உணவோடு சேர்ந்து, ஒருபுறம் செலவாகி ஒருபுறம் நிறையும் உணவே வேண்டிய பொழுதில் உண்ணத்தக்க நிலையில் இருக்கும். ஒடியல் மாவின் கைப்பை நீக்குதற்கு அதனை நீரில் ஊறவைத்து மேல்நீரை வடித்துவிட வேண்டும் என்பதும், கூழுக்கு எத்தனை கை மா இடவேண்டும் என்பதும், ஆண்டுதோறும் ஒடியற் கூழ் காய்ச்சும் வீட்டிலேதான் நினைவிலிருக்கும். மீனும் நண்டும் மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் பழப்புளியும் இட்டுக் காய்ச்சி, பிளாவிலே வார்த்து, சுற்றமெல்லாம் கூடியிருந்து பருகும் அக்கூழ் வெறும் விருந்து மாத்திரமன்று. சேமித்ததைப் புதுக்குவதற்குரிய வழியும் அதுவே.

தென்மராட்சி நெல்லும் ஒரு பெருமழை இரவும்

நெடுந்தீவிலே பனை முதலிடம் பெறுமாயின், தென்மராட்சியில் நெல்லுக்கே முதலிடம். சாவகச்சேரிக்கு அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றோம். அறுவடை முடிந்து, முற்றத்திலே நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதிலொரு பகுதி மொட்டைக்கறுப்பன். மாஸ்டர் நாலு மணியை எடுத்து வாயிலிட்டுக் கடித்தார். “இன்னும் ஒரு வெயில் வேணும்,” என்றார். நெல்லின் ஈரம் 13 அல்லது 14 சதவீதத்துக்கு மேற்படின் பூஞ்சணமும் வண்டும் பற்றும் என்பது விவசாய நூல் கூறும் கணக்கு. பல்லிடையே ‘டக்’கென்று உடைந்தாற் போதிய காய்ச்சல் என்பது மாஸ்டரின் கணக்கு. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

முற்காலத்தில் இப்பகுதி வீடுகளில் நெல்லுக்கெனத் தனிக் களஞ்சியம் இருந்தது. வன்னியிலே அதனைக் கொம்பறை என்பர். நிலத்திலிருந்து உயர்த்தி, கம்பும் மண்ணுங்கொண்டு அமைத்து, மேலே கூரை வேய்ந்து, எலியும் ஈரமும் எட்டாதவாறு காப்பர். மாஸ்டரின் தந்தையார் அமைத்த களஞ்சியம் இன்றில்லை. சாவகச்சேரிப் பகுதி 2000ஆம் ஆண்டுப் போரிலே பேரழிவுக்குள்ளானபோது அதுவும் வீட்டோடு போயிற்று. இப்பொழுது நீல நிறப் பிளாஸ்டிக் பரல்கள் மூன்று, மரப்பலகையின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கின்றன. ஒன்றில் உணவுக்குரிய நெல். அதனுள் உலர்ந்த வேப்பிலை. மற்றொன்றில் புழுக்கிக் குற்றிய அரிசி. மூன்றாவது விதைநெல். “பசியிலும் தொடக்கூடாத பரல்,” என அதனைக் காட்டிச் சிரித்தார்.

வழி அடைபடுதல் என்பது அவர் வாழ்நாளில் பன்முறை நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை அவர் சிறுவராய்க் கண்டார். 1990ஆம் ஆண்டு ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள் முதலாய பல பொருள்கள் வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு மெல்லிய திரி கொளுத்திய விளக்கொளியிலே ஒரு தலைமுறை மாணவர் படித்துத் தேறினர். சவர்க்காரம் அரிதானபோது பனங்களியால் உடை துவைத்தனர். 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோது குடாநாடு கப்பலை நம்பியிருந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகளின் முன்னே குடும்ப அட்டையோடு மக்கள் நிரையில் நின்றனர். அவ்வழி திறபடுமுன்னரே, 2008 நவம்பரில், நிஷா புயலின் பெருமழை வந்து குடாநாட்டை வெள்ளக்காடாக்கிற்று.

இவற்றுள் எது கடினமாயிருந்தது எனக் கேட்டோம். மாஸ்டர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர் 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவைப் பற்றிச் சொன்னார்.

அன்றிரவு வலிகாம மக்கள் இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு, கொட்டும் மழையில், செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் அடிமேல் அடிவைத்துத் தென்மராட்சிக்கு வந்தனர். விடியுமுன் மாஸ்டர் வீட்டுத் திண்ணையிலும் மாலிலும் மாட்டுக்கொட்டிலிலும் முப்பதுக்கு மேற்பட்டோர். பலரை அவர் முன்பின் அறியார். குழந்தைகள் குளிரில் நடுங்கின. அவருடைய மனைவியார் ஒன்றும் பேசாது பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார். முதலிற் கஞ்சி. வந்தோருள் ஒருவர் தம் சைக்கிளில் ஒரு பை புழுக்கொடியல் கொண்டுவந்திருந்தார். அடுப்பின்றியும் நீரின்றியும் உண்ணக்கூடிய உணவு அது ஒன்றே. பல்லுள்ளோர்க்கெல்லாம் அதிற் பங்கு கிடைத்தது.

“ஆறு பேருக்கு மூன்று மாதமெண்டு வைச்ச நெல் ரெண்டு கிழமையிலை முடிஞ்சுது,” என்றார் மாஸ்டர். “முடிஞ்சது நல்லதுதான். அதுக்குப் பிறகு ஆளாள் கொண்டுவந்ததிலை ஓடிச்சுது.”

நாம் கேட்க எண்ணியிருந்த ஒரு வினா அவ்வளவில் விடைபெற்றுவிட்டது. வீட்டுக்கெனச் சேமித்ததை அயலாருக்கு ஈந்தால் வீடு பசித்திராதா என்பதே அவ்வினா. நிறைந்த வீடு ஒன்று இருந்தமையாலேதான் அம்முப்பது பேருக்கும் முதல் நாட் கஞ்சி கிடைத்தது. இல்லாத வீடு தானும் பசித்திருந்து பிறர்க்கும் உதவியிராது. தேவை வந்த இரவிலே சேமிக்கத் தொடங்குவது எவராலும் இயலாது.

பருத்தித்துறைக் கரையில்

அடுத்த நாள் வடமராட்சிக்குச் சென்றோம். கடற்கரை நெடுகிலும் பாக்குக் கடலின் காற்று. மீனை வகிர்ந்து, உப்பிட்டு, மணலுக்கு மேலே உயர்த்திய தட்டிகளிற் காயவிட்டிருந்தனர். மிகுதியாய் மீன் படும் நாளில் விலை விழும். விழுந்த நாளில் உப்பிட்டுக் கருவாடாக்கினோர்க்கு, கடலுக்குப் போகமுடியாத நாளிற் கறியுண்டு. நெத்தலிக் கருவாடு ஒரு பிடியும் முருங்கையிலை ஒரு பிடியும் இருந்தாற் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாமென ஒரு தாயார் கூறினார்.

பருத்தித்துறையிலே பெயர்பெற்ற வடையை நேயர்கள் அறிவர். மெல்லிதாய்த் தட்டி மொறுமொறுவென்று பொரித்த அவ்வடை காற்றுப் புகாத பேணியில் நாட்கணக்கிற் கெடாதிருக்கும். நம்மவர் பலகாரங்களிலே பல பயணத்துக்கும் சேமிப்புக்கும் உரியனவே. ஈரத்தை நீக்கு, உப்பு அல்லது இனிப்பைக் கூட்டு, எண்ணெயிற் பொரி அல்லது புகையிற் போடு, காற்றை அடை என்னும் சில விதிகளின்மேலேதான் நம் பாட்டிமாரின் கைப்பக்குவம் அனைத்தும் நிற்கின்றது. பச்சை மிளகாயைக் கீறி மோரிலும் உப்பிலும் ஊறவைத்து உலர்த்தியது மோர்மிளகாய். பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூவை உழுந்து மாவோடும் செத்தல் மிளகாயோடும் சேர்த்துத் தட்டி உலர்த்தியது வேப்பம்பூ வடகம். ஒவ்வொரு திங்களிலும் மண் எதனை மிகுதியாய்த் தருகின்றதோ அதிலொரு பகுதியை அத்திங்களிலேயே உலர்த்திவிடுதல் என்பது ஒரு வீட்டு நாட்காட்டி. தையிலும் மாசியிலும் நெல்லும் கிழங்கும். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவும் மிளகாயும். ஆவணி, புரட்டாதியிற் பினாட்டு. ஐப்பசியில் முதல் மழை இறங்கும்போது பறண் நிறைந்திருக்கும்.

நகரத்து வீட்டில்

யாழ்நகருக்கு மீண்டு, இளங்குடும்பம் ஒன்றின் மாடிவீட்டிற்குச் சென்றோம். கணவரும் மனைவியும் உத்தியோகத்தர். பிள்ளைகள் மூவரும் பாடசாலை செல்வோர். முற்றமில்லை, பறணில்லை, விறகடுப்பில்லை. சனிக்கிழமைதோறும் அங்காடியில் வாங்குவது மறு சனிக்கிழமைவரை போதும். குளிர்ப்பெட்டி நிறைய உணவு இருந்தது. மின்சாரம் இருக்கும்வரை அது உணவு.

இத்தகைய வீடுகளுக்கு 2022ஆம் ஆண்டு ஒரு சோதனையாயிற்று. போரும் இல்லை, புயலும் இல்லை. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எரிவாயுக் கொள்கலத்துக்கு நிரை, எரிபொருளுக்கு நிரை, பால்மாவுக்குத் தட்டுப்பாடு, மணிக்கணக்கில் மின்வெட்டு. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் கடந்தது. “அந்த நாளிலை அம்மா ஊரிலையிருந்து ஒரு பெட்டி ஒடியல் மாவும் வறுத்த மாவும் அனுப்பினா. ஒடியல் மாவை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தொலைபேசியிலை கேட்டுக் கேட்டுத்தான் பிட்டு அவிச்சனான்,” என்றார் அவ்வம்மையார். அவரது தாயார் இன்றும் உள்ளார். ஆகவே கேட்க முடிந்தது. இன்னும் இருபது ஆண்டின் பின் அவர் பிள்ளைகள் யாரைக் கேட்பர்? உணவு தீர்ந்தால் ஓராண்டில் மீண்டும் விளைவிக்கலாம். கைப்பக்குவம் ஒரு தலைமுறை விடுபட்டால் அதனை விளைவிக்க எவ்வயலும் இல்லை.

சேதம் இனி வாராது என எண்ணுதற்கும் இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல பாகங்களை வெள்ளத்தில் ஆழ்த்தி, மலையகத்தில் மண்சரிவுகளை விளைவித்து, வீதிகளையும் பாலங்களையும் துண்டித்ததை நாம் யாவரும் அறிவோம். ஆகவே மாடிவீட்டாரும் செய்யத்தக்கன யாவை என ஆராய்தல் தகும்.

எவ்வளவு வைத்தல் வேண்டும்?

ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரு கிழமைக் கணக்கு ஒன்றை அவ்வீட்டாரோடு சேர்ந்து எழுதினோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசியென வைத்தால், ஐவர்க்கு 1½ கிலோ. 14 நாளுக்கு 21 கிலோ. பருப்பு, பயறு, கடலை முதலியன ஆளுக்கு 60 கிராம் வீதம் 4 கிலோவுக்குச் சற்று மேல். இவற்றோடு கருவாடு ஒரு கிலோ, தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் இரண்டு போத்தல், உப்பு, மிளகாய்த்தூள், பழப்புளி, பனங்கட்டி, சமையாது உண்ணத்தக்க புழுக்கொடியல் அல்லது வறுத்த மா. கைக்குழந்தையோ நோயாளரோ உள்ள வீட்டில் அவர்க்குரிய பாலையும் மருந்தையும் முதலில் எழுதவேண்டும்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் நீர். ஐவர்க்கு மூன்று நாளுக்கு 45 லீற்றர். கிணறு அருகிலிருக்கின்றதே என எண்ணலாகாது. வெள்ளம் கிணற்றைக் கடந்தால் மலக்குழி நீரும் அதிற் கலந்துவிடும். குளோரின் இட்டுத் தூய்மை செய்யும்வரை அந்நீர் பருகத் தகாது. எரிவாயு தீர்ந்தாற் சமைப்பதற்கு ஒரு சிறு விறகடுப்பும், சிரட்டை, பனைமட்டை, ஊமல் ஆகியவற்றில் ஒரு மூடையும் மழைபடாத இடத்தில் இருத்தல் நன்று. தீப்பெட்டியை மூடியுள்ள போத்தலில் இட்டு வைக்கவேண்டும். உணவுப் பேணிகளை நிலத்தில் வையாது, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் வாங்கிய திங்களை எழுதி ஒட்டி, பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாக அடுக்கினால், நெடுந்தீவு ஆச்சியின் விதி மாடிவீட்டிலும் நடைபெறும்.

ஒருசேர 21 கிலோ அரிசி வாங்குவதற்குப் பணம் எங்கே என வினவுவோர் பலர். அவ்வினா நியாயமானது, நிலமும் முற்றமும் இல்லாதோர்க்கு நாம் முற்கூறிய வழிகள் பல எட்டாதன. அவர்க்கும் பயன்படும் பழைய வழி பிடியரிசி. உலையிலிடும் அரிசியில் வேளைக்கு ஒரு பிடியை எடுத்து வேறொரு பேணியில் இடுதல். பிடி ஏறக்குறைய 50 கிராம். இரு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. மாசியில் தொடங்கி ஆவணி முடியும்போது ஏழு மாதம். அப்பொழுது பேணியில் 21 கிலோ. மழைக்கு இன்னும் ஒரு மாதம் மிச்சமிருக்கும். இக்கணக்கை எழுதிக் காட்டியபோது அவ்வீட்டின் மூத்த மகள், பத்தாம் வகுப்பு மாணவி, தானே பேணியைத் தேடிக் கழுவத் தொடங்கினாள்.

சேமிப்பும் பதுக்கலும்

இறுதியாக ஒன்று கூறவேண்டும். புயல் அறிவித்தல் வந்த பின்னர் கடைக்கு ஓடி, கையிலுள்ள பணத்துக்கெல்லாம் அரிசியும் மாவும் வாங்கி அடுக்குதல் சேமிப்பாகாது. ஒருவர் ஐந்து மூடை கொண்டுபோனால் நாளாந்தக் கூலியோடு மாலையில் வருபவர்க்கு அரைக் கிலோவும் கிடையாது, விலையும் ஏறும். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி இலங்கைக்கு அரிசி வருவது நின்றபோது, பங்கீட்டு அட்டை வேண்டியதாயிற்று. உள்ளது சிறிதாயினும் எல்லோரையும் எட்டவேண்டும் என்பதே பங்கீட்டின் கருத்து. மலிந்த காலத்தில் சிறிது சிறிதாய்ச் சேர்த்த வீடு, அரிதான காலத்திற் கடை நிரையில் நில்லாது ஒதுங்கி நிற்கும். அதுவே அயலார்க்குச் செய்யும் முதல் உதவி. மாஸ்டர் வீட்டுக் கஞ்சி இரண்டாவது உதவி.

தாய்மார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிது. வருகின்ற மாசியில் ஒரு கட்டுக் கிழங்கையாவது வீட்டிலே அவித்து உலர்த்துங்கள். மாடி முகடாயினும் வெயில் ஒன்றுதான். மாணவர்க்கும் ஒன்று. பாட்டியாரோ பாட்டனாரோ இருப்பவர்கள் இவ்விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து, எப்பொருளை எத்திங்களில் எவ்வாறு உலர்த்தி எதில் வைத்தனர் என்பதையும், வழி அடைபட்ட நாட்களில் வீட்டார் எதை உண்டனர் என்பதையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதோடு நில்லாது, அவற்றுள் ஒன்றை அவர்கள் பார்த்திருக்கச் செய்து பழகுங்கள். பிழைத்தால் திருத்துவதற்கு அவர்கள் இன்று அருகில் இருக்கின்றனர்.